ஏழாம் குழியின் ஈரத் துணிகள்

பிட்கெல்லி கோல்ஃப் கிளப்பின் ஏழாவது குழியை ஆட வருகிறவர்கள் முதலில் எஃபி ஸ்பிங்க்கின் படுக்கை விரிப்புகளைத்தான் பார்ப்பார்கள். கொடி அப்புறம்தான் கண்ணில் படும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் அடி அடிக்கிற மேட்டில் நின்றுகொள்ளுங்கள். எதிரே அகலமான புல்வெளி. அதன் கோடியில் கொடி. கொடி நட்டிருக்கும் வழுவழுப்பான புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். குழி அதில்தான் இருக்கிறது. இரண்டு அடியில் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்தத் தரை சமதளமாக இல்லை. வலப்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. ஆகவே வலப்பக்கமிருந்து வரும் பந்தை மடியில் ஏந்திக்கொள்ளும். இடப்பக்கமிருந்து வந்தாலோ, முதலில் ஆளை விழுங்கும் மணல்பள்ளம் ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதைத் தாண்டிவிட்டாலும் சரிவு பந்து போகிற திசையிலேயே. பந்து உருண்டு முட்புதருக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் முதல் அடியை வலப்பக்கம் அடித்துவிட்டால் போயிற்று. அங்கேதான் எஃபி இருக்கிறாள்.

வலது ஓரத்தில், மேட்டிலிருந்து இருநூறு கஜம் தள்ளி, எட்டு இரும்புக் கம்பங்கள். நடுவே கயிறுகள். பிட்கெல்லிப் பெண்கள் துணி உலர்த்தும் புல்வெளி அது. கிளப் பிறப்பதற்கு நூற்றிருபது வருஷம் முன்பே ஊர்ச் சாசனம் அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டது. வீட்டுக்கு வீடு உலர்த்தும் மெஷின் வந்த பிறகு மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான்கு அறையில் விடுதி நடத்தும் எஃபி மட்டும் நிறுத்தவில்லை. கடல்காற்றில் உலர்ந்த விரிப்பில் படுப்பதற்காகவே அவளிடம் வருடா வருடம் வருகிறவர்கள் உண்டு. அந்த விரிப்பு இல்லாவிட்டால் அவளுடைய விடுதியும் மெயின் ரோட்டு விடுதியும் ஒன்றுதான்; மெயின் ரோட்டில் நீச்சல் குளம் வேறு இருக்கிறது.

கிளப்பின் ஒன்பதாவது விதி இப்படிச் சொல்கிறது: பந்து துணியில் பட்டால் ஓர் அடி தண்டனை. தவிர, பட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துணிக்குரியவர் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டு, அந்தத் துணியைத் தம் கையால் துவைத்துக் கொடுக்க வேண்டும். எடின்பரோ நீதிபதி ஒருவர் எஃபியின் சமையலறையில் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றதை ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது. "நல்லா அலசுங்க, ஐயா. தீர்ப்பு எழுதற மாதிரி அவசரப்படாதீங்க" என்றாளாம் எஃபி.

ஆக, துணிக்கு எவ்வளவு நெருக்கமாக அடிக்கிறீர்களோ அவ்வளவு சுலபம் அடுத்த அடி. எவ்வளவு விலகி அடிக்கிறீர்களோ அவ்வளவு பத்திரம் உங்கள் மானம். திங்கட்கிழமை முழு விரிப்புகள். வியாழக்கிழமை வெறும் துண்டுகள். மழை பெய்தால் வெறுங்கயிறு. குழி ஒன்றுதான், நாளுக்கொரு கணக்கு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் தலையணை உறைகளே சொல்லிவிடும்.

இதையெல்லாம் கிளப்பில் முழுசாகத் தெரிந்து வைத்திருந்தவன் ஒரே ஒருவன். எஃபியின் தம்பி எக். இருபத்தாறு வருஷமாக அந்தப் புல்லை வெட்டிக்கொண்டிருப்பவன். புல் வெட்டுகிறவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அந்தக் கிளப்பில் இல்லை.

கிளப்பின் கேப்டன் ஃபெர்கஸ் டால்கார்னோ தொழிலால் பல் டாக்டர். பக்கத்து ஊர்க் கிளப் தன் மைதானத்தை மாற்றியமைத்து விருந்து வைத்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு முகம் தொங்கத் திரும்பினார். மறுவாரமே கமிட்டியைக் கூட்டினார்.

"நம்ம மைதானத்துல வியூகமே இல்ல" என்றார். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பல்லே இல்லை என்று சொல்லும் குரல்.

வியூகத் துணைக்கமிட்டி ஒன்று அமைந்தது. அது தெற்கேயிருந்து ரூபர்ட் ஃபென்விக் என்ற மைதான வடிவமைப்பாளரை வரவழைத்தது. ஃபென்விக் வந்ததும் ஏழாவது குழி மேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டார். இருபது நிமிஷம் அசையவில்லை. கமிட்டியும் சுற்றி நின்று அசையாமல் பார்த்தது. எக் புல்வெட்டும் வண்டியை அணைத்துவிட்டு நின்றான். ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்பலாமா என்றுகூட யோசித்தான்.

ஃபென்விக் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "நல்ல குழி ஆடறவனைப் பார்த்து ஒரு கேள்வி கேக்கணும். உங்க ஏழாவது குழி என்ன கேக்குது? ஒண்ணுமே இல்ல. ஊமைக் குழி!"

"எஃபிகிட்ட மன்னிப்புக் கேக்கத் தயாரான்னு கேக்குது, சார்" என்றான் எக்.

துணைக்கமிட்டியின் செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதினார்: 'ஊழியரின் நகைச்சுவை. அனைவரும் சிரித்தனர்.' யாரும் சிரிக்கவில்லை.

கோப்பை அலமாரியின் பின்னாலிருந்து அந்தச் சமயத்தில்தான் பழைய வரைபடம் கிடைத்தது. மைதானத்தை முதன்முதலில் அமைத்த டேவிட் கார்கில் கைப்பட வரைந்தது. ஏழாவது குழிக்கு வலப்பக்கம், சரியாக அந்தக் கம்பங்கள் இருக்கும் இடத்தில், ஒரு கட்டம் போட்டு 'டி. கிரீன்' என்று எழுதியிருந்தார்.

கிரீன் சரி. அந்த 'டி' எதற்கு? மூன்று கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் 'டபுள்' என்றார்கள்: இரண்டு குழிக்குப் பொதுவான கிரீன். இரண்டாவதில் 'டெவில்': பிசாசு கிரீன். மூன்றாவது கூட்டத்தில் ஃபென்விக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டிகாய்" என்றார். "ஏமாத்து கிரீன். பாக்க அசல் கிரீன் மாதிரியே இருக்கும், குழி மட்டும் இருக்காது. எதிராளி புத்தியைக் குழப்பறதுக்கு. கார்கில் ஒரு மேதை!"

எக் கதவோரம் நின்று கையைத் தூக்கினான். "டிரையிங் கிரீனுங்க. துணி டிரை பண்ற இடம். இன்னிக்கும் ஊர்ல அப்படித்தான சொல்றோம். உங்கம்மா கூட அங்கதான காயப்போடுவாங்க, கேப்டன்?"

டால்கார்னோ அவனைப் பரிவோடு பார்த்தார். "எக், நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தின மேதையோட மனசை நாம ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம். எங்கம்மாவை இதுல இழுக்காத."

மறுநாள் எஃபிக்குக் கடிதம் வந்தது. மைதானச் சீரமைப்பை முன்னிட்டு இரண்டு வாரத்துக்கு மட்டும் கம்பங்கள் அகற்றப்படுகின்றன. மிஸ் ஸ்பிங்க்கின் ஒத்துழைப்புக்கு நன்றி. ஒத்துழைப்பைக் கேட்காமலே நன்றி சொல்லிவிட்டார்கள். மே மூன்றாம் தேதி எக் கம்பங்களை உருவினான். கம்பம் நிற்கும் இரும்புக் குழல்கள் தரைக்குள் கான்கிரீட்டில் பதிந்திருந்தன. தோண்டினால் தரை பெயரும். எட்டின் வாயிலும் ஒவ்வொரு புல்பாளத்தை வைத்து மூடிவிட்டு வந்தான்.

அன்று மாலை எஃபி சாசனத்தின் நகலை மேஜைமேல் விரித்தாள்.

"இதைப் படிடா, எக். 'ஒரு வருஷமும் ஒரு நாளும் அங்கே ஈரத்துணி ஒன்றுகூட உலராமற்போனால் நிலம் பக்கத்து உடைமைக்காரரைச் சேரும்.' பக்கத்து உடைமைக்காரன் யாரு? உங்க கிளப்பு."

"ரெண்டு வாரம்னுதான அக்கா சொல்லியிருக்காங்க?"

"பல் டாக்டர் வலிக்காதுன்னுகூடத்தான் சொல்வான்."

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. எஃபி கிளப்புக்குப் போய்க் கேட்டாள். புகார் கொடுக்கத் தனிப் படிவம் உண்டு, அது உறுப்பினர்களுக்கு மட்டும் என்றார்கள். விருந்தாளியாக எழுதிக்கொடுக்கிறேன் என்றாள். விருந்தாளி எழுதும் அறைக்குள் கழுத்துப்பட்டி இல்லாமல் நுழையக்கூடாது. ஆண்கள் மறந்துவிட்டு வந்தால் கொடுப்பதற்காக வரவேற்பு மேஜையில் ஒரு பழைய கழுத்துப்பட்டி இருந்தது. எக் அதை எடுத்துக் கொடுத்தான். எஃபி ஸ்வெட்டரின்மேல் கட்டிக்கொண்டு போய் எழுதினாள். பதில் வந்தது: புகார் பரிசீலனையில் உள்ளது, கழுத்துப்பட்டியைத் திருப்பித் தரவும்.

பிறகு அவள் ஈரத்துண்டு ஒன்றை எடுத்துப்போய் நேராகப் புல்லின்மேல் விரித்தாள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துண்டு தரையில் கிடந்து உலர்வதென்றால் முக்கால் நாள் ஆகும். கிளப்புக்குக் கால்மணி போதுமாயிருந்தது. 'தளர்வான தடைப்பொருள் அகற்றும் துணைக்கமிட்டி' என்று ஐந்து பேர் முறைபோட்டு அங்கே உலாவினார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் துண்டைச் சுருட்டி, மரியாதையாக எஃபியின் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்பது தடவை வைத்தார். பத்தாம் தடவை இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

ஏமாற்று கிரீன் தயாரானது. அதை எக் தான் உருவாக்கினான். விரும்பவில்லை என்றாலும் புல் என்று வந்துவிட்டால் அவனுக்கு மோசமாகச் செய்யத் தெரியாது. பட்டுப்போலப் புல், நடுவே கொடி. குழி கிடையாது. கொடி நிற்பதற்கு ஓர் இரும்பு முளை. முதல் மாதமே டண்டீயிலிருந்து வந்த இரண்டு பேர் அங்கே முக்கால் மணி நேரம் மண்டியிட்டுத் தேடினார்கள்.

"ஏப்பா, இங்க குழி எங்கப்பா?"

"இது யோசிக்கறதுக்கான கிரீனுங்க" என்றான் எக். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

உள்ளூர்க்காரர்கள் தேடவில்லை. அவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். எஃபியின் துணி இல்லை. பயம் இல்லை. வலப்பக்கம் பரந்து கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் அடி, பந்து ஏமாற்று கிரீனில் விழுந்து குதித்து இன்னும் இருபது கஜம் இலவசமாக ஓடும், அடுத்தது கைக்குழந்தைகூட அடிக்கும் அடி. குப்புறப் படுத்து வடிவமைத்த வியூகம் ஒரே வாரத்தில் மல்லாந்துவிட்டது.

ஃபென்விக் மறுபடி வந்தார். வலப்பக்கம் ஒரு மணல்பள்ளம் வெட்டச் சொன்னார். வெட்டினார்கள். எல்லோரும் இடப்பக்கம் அடித்தார்கள். இடப்பக்கமும் ஒன்று வெட்டச் சொன்னார். எல்லோரும் இரண்டுக்கும் முன்னால் குட்டையாக அடித்து நிறுத்திக்கொண்டார்கள். அந்தக் குட்டை இடத்தின் குறுக்கே ஒரு பள்ளம். அதற்கும் முன்னால் அடித்தார்கள்.

எக் வெட்டிய மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் இதை யோசித்தான். துணி இருந்தபோது ஒருத்தனுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. எவ்வளவு ஆசை, எவ்வளவு பயம் என்று அவனவனே அளந்து அடித்தான். எல்லாப் பக்கமும் பள்ளம் வெட்டிவிட்டால் அளக்க என்ன இருக்கிறது? எங்கே வெட்டவில்லையோ அங்கே அடித்துவிட்டுப் போகிறான். ஒவ்வொரு பள்ளமும் ஒரு கேள்வியைப் புதைத்துக்கொண்டிருந்தது. இதை ஒருநாள் கேப்டனிடம் சொல்லியும் பார்த்தான்.

"அப்ப இன்னொரு பள்ளம் வேணுங்கறியா?" என்று ஆவலோடு கேட்டார் டால்கார்னோ.

பனிக்காலக் கூட்டத்தில் பழைய ஆட்டச் சீட்டுகளை எடுத்து அலசினார்கள். அலசியதில் ஓர் அதிசயம் தெரிந்தது. முன்பெல்லாம் திங்கட்கிழமைகளில் ஏழாவது குழி மிகக் கடினமாக இருந்திருக்கிறது. அதே திங்கட்கிழமைகளில்தான் அதை ஆட அதிகம் பேர் வந்திருக்கிறார்கள். ஃபென்விக் இரண்டு வாரம் கணினியோடு உட்கார்ந்தார். பிறகு அறுபது பக்க அறிக்கை ஒன்று வந்தது. அதன் சாரத்தை அவர் கமிட்டிக்கு வாசித்தார்.

"இந்தக் குழிக்குத் தேவை நெகிழ்வான செங்குத்துத் தடை. வெள்ளை நிறம். ஒன்பதடிக்கு எட்டடி. நாலு எண்ணம். எட்டுக் கம்பத்துல கயிறு கட்டி அதுல தொங்கணும். காத்துக்கு ஆடணும். உலகத்துல எந்த மைதானத்துலயும் இப்படி ஒண்ணு கிடையாது!"

"படுக்கை விரிப்புங்களா, சார்?" என்றான் எக்.

"தடை" என்றார் ஃபென்விக்.

கம்பங்களை எங்கே நடுவது என்று செயற்கைக்கோளை வைத்து அளந்தார்கள். எட்டு இடத்திலும் சிவப்பு ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். எக் முதல் ஆணியைப் பிடுங்கிக் கடப்பாரையை இறக்கினான். கணீரென்றது. பழைய இரும்புக் குழல். இரண்டாவது ஆணிக்குக் கீழேயும் குழல்தான். எட்டுக்கும் எட்டு. புல்பாளங்களை எடுத்துவிட்டுக் கம்பத்தைச் செருகினான். முக்கால் மணியில் வேலை முடிந்தது. ஆனால் மூன்று நாள் வேலை என்று சொல்லியிருந்தார்கள் என்பதால் மீதி நேரம் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்தான்.

தடைகள் ஏப்ரல் கடைசியில் தொங்கின. நான்கே நாளில் கடற்பறவைகள் அவற்றின்மேல் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டன. தடைகள் தூய வெண்மையாக இருக்க வேண்டும் என்று அறிக்கையின் நாற்பத்தோராம் பக்கம் சொல்கிறது. திறப்பு விழாவோ மே நான்காம் தேதி. அந்தத் தேதியை டால்கார்னோ யோசித்துத்தான் வைத்திருந்தார். ஒரு வருஷமும் ஒரு நாளும் அன்று நிறைகிறது. சாசனத்தைப் பார்த்துக் கையெழுத்திடும் ஊர்மன்ற எழுத்தர் உனா டாஷ் அம்மாள் அன்றைக்கு வருவார். நிலத்தைக் கிளப்பின் பெயருக்கு மாற்றிவிட்டு, அப்படியே வியூகத்தையும் திறந்துவிடலாம்.

"எக், இவ்ளோ பெரிய தடையைத் துவைக்க ஊர்ல யார்கிட்ட வசதி இருக்கு?" என்றார்.

எக் தொண்டையைச் செருமிக்கொண்டான். ஊரில் ஒருத்தியிடம்தான் இருந்தது.

மே மூன்றாம் தேதி இரவோடு இரவாக அவள் துவைத்திருக்கலாம். மறுநாள் விடிந்து ஒன்பதுக்குத்தான் மெஷினில் போட்டாள். பத்தரைக்கு நான்கு தடைகளையும் கூடையில் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். எக் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தான்.

"ஈரத்தோடயா மாட்டப்போற?"

"விழா பதினோரு மணிக்குடா. கிளிப்பை எடு. பல்லைக் காட்டாத, கேப்டன் பாத்தா சொத்தையிருக்கான்னு பாப்பாரு."

கேப்டனும் பார்த்துவிட்டார். சொட்டுவதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஃபென்விக் ஒரு தடையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "எடை கூடியிருக்கு. என்னமா நேரா நிக்குது! ஈரமாத்தான் இருக்கணும், கேப்டன். இதை நான் அறிக்கையிலயே சொல்லியிருக்கணும்."

எண்பது பேர் கூடினார்கள். உனா டாஷ் அம்மாள் கைப்பையும் மடக்கு நாற்காலியுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். டால்கார்னோ மேட்டில் ஏறி நின்று பேசினார்.

"நண்பர்களே, துணி காயப்போடற இடமாக் கிடந்த இந்த மண்ணுக்கு இன்னிக்கு ஒரு அர்த்தம் வந்திருக்கு. நீங்க பாக்கறது சாதாரணத் துணி இல்ல. வடிவமைப்பு. சிந்தனை. இன்னிக்குக் காலைல மிஸ் ஸ்பிங்க் தன் கையாலயே துவைச்சு, ஈரம் சொட்டச் சொட்ட இங்க மாட்டியிருக்காங்க. ஊரும் கிளப்பும் ஒண்ணு சேர்ந்து உழைச்சதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?"

உனா டாஷ் அம்மாள் கையைத் தூக்கினார். "ஒரு சின்னச் சந்தேகம், கேப்டன். அது ஈரமாவா இருக்கு?"

"தொட்டே பாருங்க, மேடம்!"

"எப்ப உலரும்?"

டால்கார்னோ சிரித்தார். மைதானத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். "ரெண்டே மணி நேரம். இங்க அடிக்கற காத்து அப்படி. நான் பொறுப்போட சொல்றேன், துணி உலர்த்தறதுக்கு இந்தக் கரையிலயே இதைவிட நல்ல இடம் கிடையாது!"

எண்பது பேரில் எழுபது பேருக்காவது சாசனம் தெரியும். எக் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். உனா டாஷ் அம்மாள் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து நேரத்தை எழுதினார். மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கயிற்றுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கைத் திறந்தார்.

"நீங்க ஆடுங்க, கேப்டன். நான் இருக்கேன்."

ஃபென்விக்கின் முகம் மாறவில்லை. அவர் சாசனம் படித்தவரில்லை. டால்கார்னோவின் முகம்தான் மெல்ல மெல்ல, பல் பிடுங்குவதற்கு முன்னால் நோயாளிகளின் முகம் எப்படியாகுமோ அப்படியானது. ஆனால் சம்பிரதாயம் இருக்கிறது. முதல் பந்தைக் கேப்டன்தான் அடிக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மட்டையை எடுத்துக்கொண்டு நின்றார். இடப்பக்கம் அடித்தால் துணியில் படாது; ஆனால் தன் வியூகத்துக்குத் தானே பயந்தவன் என்று பெயர் வரும். வலப்பக்கம் அடித்தால் கொடிக்கு நல்ல வழி. ஆனால் அங்கே நான்கு வெள்ளைத் துணிகள், ஒரு எழுத்தர், ஒரு ஃப்ளாஸ்க், ஒரு எஃபி. இருபது வருஷமாக ஆடும் குழியின் முன்னால் டால்கார்னோ முதல் தடவையாக யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். எக்கிற்கு அவர்மேல் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது.

வலப்பக்கம் அடித்தார். பந்து ஒரு மணல்பள்ளத்தின் விளிம்பில் பட்டுச் சேற்றைப் பூசிக்கொண்டு எழும்பி, மூன்றாவது துணியின் நட்டநடுவில் போய் அறைந்தது.

மற்ற மூன்றும் பிற்பகல் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு முழுசாக உலர்ந்தன. உனா டாஷ் அம்மாள் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டார். நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒன்பதாவது விதியை யாரும் இன்னும் நீக்கவில்லை. நீக்கத் துணைக்கமிட்டி அமைக்க மறந்திருந்தார்கள். எக் வாசலில் சாய்ந்து நிற்க, டால்கார்னோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எஃபியின் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது.

எஃபி அண்டாவில் வெந்நீரை ஊற்றினாள்.

"குழி ஆடறவனைப் பார்த்து ஒரு கேள்வி கேக்கணும்னு உங்க ஆளு சொன்னாராமே, கேப்டன்" என்றாள். "சேறு போகணும்னா முதல்ல ஊற வைக்கணுமா, தேய்க்கணுமா?"

டால்கார்னோ அண்டாவைப் பார்த்தார், பிறகு சோப்பைப் பார்த்தார்.

"அவசரமில்ல" என்றாள் எஃபி. "யோசிச்சு அடிங்க."